முத்தோரைச் சரிவும் முதல் ஒளியும்: தொல்ஹைட்ரஜனைத் தேடிய இந்திய வானொலி ஆய்வுகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பேரண்டத்தின் முதல் விண்மீன் திரள்கள் தம்மைச் சூழ்ந்திருந்த ஹைட்ரஜனை எவ்வாறு அயனியாக்கின என்பதை வானொலி அலைகளைக் கொண்டு அறியும் முயற்சி, இந்தியாவில் புனே அருகிலுள்ள பெருந்தொலைநோக்கியிலிருந்து தொடங்குவதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதன் வேர் நீலகிரியின் முத்தோரையில் இருக்கிறது என்பதும், இவ்வரலாற்றின் முதன்மையான முடிவுகள் பலவும் ‘காணப்படவில்லை’ என்ற வடிவிலேயே அமைந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம். தென்சென்னைப் புறநகரின் வானொலிச் சூழலோடு ஒப்பிட்டு, இத்தகைய ஆய்வுக்கு இடம் ஏன் முதன்மையானது என்பதும் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வானொலி வானியல், உதகை வானொலித் தொலைநோக்கி, மீளயனியாக்கம், செம்பெயர்ச்சி, மேல்வரம்பு.

முன்னுரை

தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் வரலாற்று மாணவர் அறிந்திருப்பது வேறொரு காரணத்தால். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குத் தொடக்கமாக அமைந்தது. மண்ணின் அடுக்கில் காலத்தைப் படிக்கும் முறை அது. வானொலி வானியலாளர் காலத்தைப் படிப்பது அதிர்வெண்ணின் அடுக்கில். தொலைவிலிருந்து வரும் அலை, பேரண்டம் விரிந்த அளவுக்கு நீட்சியுற்று வந்து சேர்கிறது. அலை எவ்வளவு நீண்டதோ அவ்வளவு பழமையானது அது புறப்பட்ட காலம்.

இவ்வுவமையை இதற்கு மேல் நீட்டுவது தகாது. பல்லாவரத்தில் கோடரி கிடைத்தது. வானொலி ஆய்வாளருக்கோ, தேடிய ஹைட்ரஜன் இன்றுவரை ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்தபாடில்லை. கிடைக்காத ஒன்றைப் பற்றிய நாற்பதாண்டு உழைப்பை வரலாறாக எழுத முடியுமா என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

21 சென்டிமீட்டர் அலையும் ஒரு சொல்லின் சிக்கலும்

நடுநிலை ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் தத்தம் தற்சுழற்சியைக் கொண்டுள்ளன. அவ்விரண்டின் திசை ஒத்திருக்கும் நிலையிலிருந்து எதிரெதிராகும் நிலைக்கு அணு மாறும்போது 21 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள வானொலி அலை வெளிப்படும். அதன் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ். டச்சு அறிஞர் வான் டி ஹுல்ஸ்ட் 1944இல் இதனைக் கணித்துக் கூறினார். 1951இல் ஹார்வர்டில் ஈவனும் பர்செல்லும் நமது பால்வழியிலிருந்து வந்த அவ்வலையைப் பதிவுசெய்தனர். அணு அயனியானால், அதாவது எலக்ட்ரானை இழந்தால், இவ்வலை எழாது. எனவே எக்காலத்தில் எவ்விடத்தில் இவ்வலை மறைந்தது என்று காண்பது, அயனியாக்கம் எப்போது எவ்வாறு பரவியது என்று காண்பதேயாகும்.

பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துப் பேரண்டம் குளிர்ந்து, தனித்திருந்த புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் இணைந்து நடுநிலை ஹைட்ரஜன் தோன்றியது. இந்நிகழ்வைத் தமிழில் ‘மறுசேர்க்கை’ என மொழிபெயர்ப்போர் உண்டு. அதற்கு முன் அவை சேர்ந்திருந்ததே இல்லையாதலின் ‘மறு’ என்ற முன்னொட்டு பொருந்தாது. ஆங்கிலக் கலைச்சொல்லிலுள்ள பிழையைத் தமிழும் சுமக்க வேண்டியதில்லை; ‘சேர்க்கை’ என்பதே போதும். மாறாக, முதல் விண்மீன் திரள்களின் புறஊதாக் கதிர் அந்த அணுக்களை மீண்டும் பிளந்த நிகழ்வை ‘மீளயனியாக்கம்’ என்பது முற்றும் பொருந்தும். பேரண்டத்தின் பருப்பொருள் முதலில் அயனியாகவே இருந்தது. இடையில் நடுநிலை எய்தியது. பின்னர் மீண்டும் அயனியாயிற்று.

இம்மாற்றம் முடிந்துவிட்டது என்பதற்கான முதற்சான்று வானொலியிலிருந்து வரவில்லை. 1965இல் கன், பீட்டர்சன் ஆகிய இருவரும் ஒரு குவேசாரின் ஒளி நிறமாலையை ஆராய்ந்து, வழியில் நடுநிலை ஹைட்ரஜன் நிறைந்திருந்தால் அவ்வொளி விழுங்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வாறு விழுங்கப்படவில்லை என்று காட்டினர். விழுங்கப்பட்ட நிறமாலையையுடைய குவேசார், செம்பெயர்ச்சி 6ஐக் கடந்த தொலைவில் 2001இல் கண்டறியப்பட்டது. ஆகவே மீளயனியாக்கம் பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்குள் நிறைவுற்றது எனக் கொள்ளலாம். அது எப்படி நடந்தது என்பதற்கு மட்டும் விடையில்லை. அவ்விடையை 21 சென்டிமீட்டர் அலையே நேரடியாகத் தரவல்லது.

தாம்பரத்து வானில் நிறைந்திருப்பவை

செம்பெயர்ச்சி 9இலிருந்து புறப்பட்ட 21 சென்டிமீட்டர் அலை பத்து மடங்கு நீண்டு, 2.1 மீட்டர் அலையாக, 142 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நம்மை வந்தடையும். இக்கணக்கைத் தாம்பரத்தில் இருந்துகொண்டு போட்டுப் பார்ப்பது பயன்தரும். பண்பலை வானொலிக்குரிய 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை, செம்பெயர்ச்சி 15 முதல் 12 வரையிலான காலத்துக்கு ஒப்பாகும். வானூர்தி ஓட்டிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ளும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் பட்டை, செம்பெயர்ச்சி 11 முதல் 9.4 வரையிலான காலத்துக்கு ஒப்பாகும். முதல் திரள்கள் ஒளிவிடத் தொடங்கி அயனிக்குமிழிகள் பெருகிய காலம், அதாவது பெருவெடிப்புக்குப் பின் 27 கோடி ஆண்டுகளிலிருந்து 52 கோடி ஆண்டுகள் வரை, ஏறத்தாழ முழுவதும் இவ்விரு பட்டைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 சூலை 23 அன்று சென்னையிலிருந்தே தொடங்கியது. மீனம்பாக்கம் வானூர்தி நிலையமும் தாம்பரம் வான்படைத் தளமும் அருகருகே உள்ளன. கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டி 1931 முதல் ஓடுகிறது. மின்கம்பியும் வண்டியின் மின்வாங்கியும் உரசும் இடத்தில் தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் அகன்ற பட்டையில் வானொலி இரைச்சலை எழுப்பும். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் ஓர் அலைவாங்கியை நிறுத்தினால் அது கேட்பது நகரத்தின் பேச்சாக இருக்குமேயன்றிப் பேரண்டத்தின் பேச்சாக இராது. தொலைவிலிருந்து வரும் சைகையின் வலிமை கெல்வினில் ஆயிரத்தில் சில பத்துப் பங்குகள் மட்டுமே. பால்வழியின் இயல்பான இரைச்சலே 150 மெகாஹெர்ட்ஸில் சில நூறு கெல்வின். அதாவது தேடும் சைகையைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிய முன்புலம் வானிலேயே இருக்கிறது. அதன்மேல் நகரத்தின் இரைச்சலும் சேர்ந்தால் ஆய்வு தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

முத்தோரை: சரிவைத் தேடிய கதை

1961இல் வெளிநாடுகளில் பணியாற்றிய நான்கு இந்திய வானொலி வானியலாளர்கள், கோவிந்த் சுவரூப், டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன், தாயகம் திரும்பி ஒரு குழுவாகப் பணிபுரிய விழைவதாக இந்தியாவிலுள்ள அறிவியல் தலைவர்களுக்கு எழுதினர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா விரைந்து இசைவு தந்தார். 1963இல் திரும்பிய சுவரூப், ஆஸ்திரேலியா கொடையளித்த சிறு கிண்ண அலைவாங்கிகளைக் கொண்டு மும்பைக்கு அருகில் கல்யாணில் கதிரவனை ஆராயும் அணியை 1965இல் நிறுவினார். அவருடைய எண்ணம் அப்போதே வேறொன்றில் இருந்தது.

நிலவு வானில் நகரும்போது தன் பின்னுள்ள வானொலி மூலங்களை மறைக்கிறது. ஒரு மூலம் மறையும் கணத்திலும் மீண்டும் தோன்றும் கணத்திலும் சைகை மாறுபடும் விதத்தைப் பதிவுசெய்தால் அம்மூலத்தின் கோண அளவைத் துல்லியமாகக் கணிக்கலாம். அதற்கு நிலவை மணிக்கணக்கில் பின்தொடரும் பெரிய தொலைநோக்கி வேண்டும். மிகப்பெரிய கிண்ணத்தைக் கட்ட நாட்டில் பொருளும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. சுவரூப் கண்ட வழி எளியது. நீண்டதொரு பரவளைய உருளையின் அச்சைப் புவியின் சுழலச்சுக்கு இணையாக வைத்துவிட்டால், அவ்வுருளையை ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழற்றினாலே வான்பொருளைப் பின்தொடரலாம். புவியச்சுக்கு இணையாவதற்கு உருளை, தான் இருக்கும் இடத்தின் அகலாங்கு அளவே கிடைமட்டத்திலிருந்து சாய்ந்திருக்க வேண்டும். எனவே தேவைப்பட்டது, அகலாங்குக்குச் சமமான சரிவுள்ள, வடக்கு நோக்கி உயரும் ஒரு மலை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதன் பயன் இங்கே வெளிப்பட்டது. ஐரோப்பாவில் 50 பாகைச் சரிவில் தொலைநோக்கி கட்ட இயலாது. தென்னிந்தியாவிலோ அது 10 பாகையை ஒட்டிய மென்சரிவு. மலைகளைத் தேடி அலைந்து, உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த சரிவொன்றைக் கண்டனர். அவ்விடத்தின் அகலாங்கும் 11 பாகையைச் சற்றுக் கடந்ததே. உருளை 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. இதே உருளையைத் தாம்பரத்துச் சமவெளியில் அமைத்திருந்தால், 13 பாகைக்குச் சற்றுக் குறைந்த இதன் அகலாங்குக்கேற்ப, வடமுனையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 118 மீட்டர் உயரத்தில் தாங்க வேண்டியிருந்திருக்கும். முத்தோரையில் அவ்வுயரத்தை மலை தாங்கிக்கொண்டது.

24 பரவளையச் சட்டங்கள். அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 துருவேறா எஃகுக் கம்பிகள். குவியக் கோட்டில் 1,056 இருமுனை அலைவாங்கிகள். 1966 சனவரியில் பாபா வானூர்தி விபத்தில் மறைந்த பின்னரும் பணி நிற்கவில்லை. 1970இல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. நிலவு மறைப்பு முறையில் பெறப்பட்ட கோண அளவுகளைக் கொண்டு 1975இல் சுவரூபும் வி. கே. கபாஹியும் வெளியிட்ட ஆய்வுகள், பேரண்டம் காலத்தால் மாறிவருவதைச் சுட்டி, நிலைநிலைக் கோட்பாட்டுக்கு எதிரான சான்றாயின. உதகைத் தொலைநோக்கியின் புகழ் இதனால் வந்தது. இக்கட்டுரைக்கு வேண்டியது அதன் மற்றொரு பயன்பாடு.

326.5 மெகாஹெர்ட்ஸ்

உதகைத் தொலைநோக்கி இயங்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ். 322 முதல் 328.6 வரையிலான பட்டை பன்னாட்டு உடன்பாட்டின்படி வானொலி வானியலுக்கென ஒதுக்கப்பட்டது. கன ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தின் கோடு 327 மெகாஹெர்ட்ஸில் விழுவதே அவ்விடத்தின் சிறப்பு. தற்செயலாக, இதே பட்டையில்தான் செம்பெயர்ச்சி 3.35இலிருந்து புறப்பட்ட சாதாரண ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையும் வந்து விழுகிறது.

சோவியத் அறிஞர்களான செல்டோவிச், சுன்யாயெவ் ஆகியோர் 1970களில் முன்வைத்த கருத்தின்படி, பேரண்டத்தில் முதலில் உருவாகியவை தனித்தனி விண்மீன் திரள்கள் அல்ல. அவற்றின் கூட்டங்களுக்கு ஒப்பான மாபெரும் வளிமத் தட்டுகளே. அவை பின்னர் உடைந்து திரள்களாயின. இது மெய்யாயின், நடுநிலை ஹைட்ரஜன் பெருந்திரட்சிகளாக இருந்த காலம் ஒன்று இருக்க வேண்டும். அத்திரட்சிகளின் அலையைத் தனித்தனியே பிரித்தறியவும் கூடும். இரவி சுப்பிரமணியனும் சுவரூபும் உதகைத் தொலைநோக்கியைக் கொண்டு செம்பெயர்ச்சி 3.3இல் அத்தகைய முன்கூட்டங்களைத் தேடினர். 1990இல் வெளியான அவர்களது கட்டுரையின் முடிவு: எதுவும் காணப்படவில்லை, எனவே அத்திரட்சிகளின் நிறைக்கும் எண்ணிக்கைக்கும் இன்னது மேல்வரம்பு.

இவ்வாய்வு மீளயனியாக்கக் காலத்தைத் தொடவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரியே. செம்பெயர்ச்சி 3.35 என்பது பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பின். அயனியாக்கம் அதற்குள் முடிந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் தொலைபேரண்டத்து ஹைட்ரஜனை அதன் சொந்த அலையாலேயே தேடும் நோக்கம், அதற்குரிய கருவிப்பழக்கம், இல்லாமையை எண்ணாக்கி வெளியிடும் ஒழுக்கம் ஆகிய மூன்றும் இந்தியாவில் உருப்பெற்ற இடங்களுள் முத்தோரை தலையாயது. 1984இல் சுவரூப் திட்டமிட்ட பெரும் மீட்டரலைத் தொலைநோக்கியின் அறிவியல் நோக்கங்களுள் ஹைட்ரஜன் முன்கூட்டங்களைத் தேடுவது முன்னணியில் நின்றது. இவ்விரண்டையும் தொடர்பற்ற தனி வரலாறுகளாக எழுதுவது பொருத்தமன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

நோக்கம் மாறிய தொலைநோக்கி

புனேயிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கே கோடாட்டில் 1990களில் எழுந்தது பெரும் மீட்டரலைத் தொலைநோக்கி. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். எஃகுக் கயிறுகளின்மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிவலையே அவற்றின் பரப்பு. முத்தோரையின் கம்பிப் பரப்பை நினைவூட்டும் சிக்கனம் இது. ஆனால் கருவி எழுந்து முடிவதற்குள் கோட்பாடு மாறிவிட்டது. குளிர்ந்த கரும்பொருள் கொள்கை நிலைபெற்றது. அதன்படி சிறியவை முதலில் தோன்றி, அவை இணைந்து பெரியவை ஆயின. எந்த மாபெரும் திரட்சிகளைக் காண்பதற்கென்று கிண்ணங்கள் நிறுவப்பட்டனவோ அவை இருந்திருக்கவே வாய்ப்பில்லை என்றாயிற்று. அறிவியல் வரலாற்றில் இது புதிதன்று. இருப்பினும் இருபதாண்டுத் திட்டமொன்றுக்கு நேர்ந்த திருப்பம் என்ற வகையில் இது கூடுதல் கவனம் பெறத்தக்கது.

2001இல் சோம்நாத் பரத்வாஜ், பிமன் நாத், சிவ் சேத்தி ஆகியோர் மாற்றுவழி ஒன்றை முன்வைத்தனர். தனித்த திரட்சியைத் தேடாமல், எண்ணற்ற சிறு மூலங்களின் கூட்டு அலையில் இடத்துக்கிடம் தோன்றும் ஏற்றத்தாழ்வைப் புள்ளியியல் முறையில் அளப்பது அவ்வழி. மீளயனியாக்க ஆய்வும் இதே அடிப்படையில் நடப்பதே. அயனிக்குமிழி இருக்குமிடத்தில் அலை இல்லை, இடையிலுள்ள நடுநிலை வளிமத்தில் அலை உண்டு. அவ்வேறுபாட்டின் அளவே தேடப்படுவது.

டொரண்டோவைச் சேர்ந்த ஊ-லி பென் குழுவினர், இந்திய ஆய்வாளருடன் இணைந்து, இத்தொலைநோக்கியால் 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, செம்பெயர்ச்சி 8.6இல் இவ்வேறுபாட்டைத் தேடினர். 2011இல் கிரெகரி பசிகா முதலாசிரியராக வெளியிட்ட மேல்வரம்பு 70 மில்லிகெல்வின். அக்காலத்தில் இது மிகக் கூர்மையான வரம்பு. இரண்டாண்டுகளில் அதே குழு தன் முடிவைத் திருத்தியது. முன்புலத்தைக் கழிக்கும் கணிதமுறை, முன்புலத்தோடு சேர்த்துத் தேடும் சைகையிலும் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது என்பதை அவர்களே அளந்து, அவ்விழப்பை ஈடுசெய்தபோது வரம்பு 248 மில்லிகெல்வினாகத் தளர்ந்தது. மேலோட்டமாக நோக்குவோர் இதனைப் பின்னடைவு என்பர். இக்கட்டுரையாளருக்கு 2013ஆம் ஆண்டுக் கட்டுரையே இவ்வரலாற்றின் உயர்ந்த ஆவணங்களுள் ஒன்றாகப் படுகிறது. இல்லாமையைக் கூறுவோர், தம் முறையே இருப்பதை அழித்துவிடவில்லை என்று மெய்ப்பிக்கும் கடமை உடையவர் என்பது இதன்பின் இத்துறையில் பொதுநெறியாக வேரூன்றியது.

நீர்மேல் மிதந்த அலைவாங்கி

2018ஆம் ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவெளியில் மேசையளவேயான அலைவாங்கியைக் கொண்டு, வானம் முழுவதன் சராசரி அலையில் 78 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட ஓர் உறிஞ்சலைக் கண்டதாக ஜட் போமன் குழுவினர் அறிவித்தனர். அது முதல் விண்மீன்களின் தடயம் எனப்பட்டது. அதன் ஆழம் அரைக் கெல்வின். கோட்பாடு இடந்தந்த அளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. கரும்பொருளின் இயல்பையே மாற்றி எழுத வேண்டும் என்று கூறும் கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன.

இதனைச் சோதித்தது பெங்களூருவின் இராமன் ஆய்வு நிறுவனம். முப்பதாண்டுக்கு முன் முத்தோரையில் ‘காணப்படவில்லை’ என்று எழுதிய அதே இரவி சுப்பிரமணியன் இங்கும் முன்னின்றார். ஐயத்துக்குரியது தரை என இக்குழு கருதியது. அலைவாங்கியின் அடியிலுள்ள மண், ஆழத்துக்கு ஆழம் ஈரத்தாலும் கல்லாலும் வேறுபட்டு, அலைகளை வெவ்வேறாகத் திருப்பி அனுப்பும். அத்திரிபு வானத்திலிருந்து வந்த உறிஞ்சல் போலத் தோற்றமளிக்கக்கூடும். நீரோ சீரானது. எனவே ‘சரஸ் 3’ என்னும் கூம்பு வடிவ அலைவாங்கியை மிதவையில் ஏற்றி, 2020இன் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி அணையின் பின்னீரிலும் மிதக்கவிட்டனர். 2022இல் வெளியான முடிவு, அந்த உறிஞ்சல் வடிவம் வானத்தில் இல்லை என்று 95.3 விழுக்காட்டு உறுதியுடன் மறுத்தது.

இம்மறுப்பு வாதத்தை முழுமையாக முடித்துவிட்டது என்று கூறுவது மிகை. 95.3 விழுக்காடு என்பது இயற்பியலர் கண்டுபிடிப்புக்குக் கேட்கும் உறுதியைவிடக் குறைவு. எனினும் அதன்பின், ஆஸ்திரேலிய உறிஞ்சலை ஐயமற்ற உண்மையாகக் கொண்டு எழுதுவது இயலாதாயிற்று.

முத்தோரைக்குத் திரும்பிய திட்டம்

இதற்கிடையே உதகைத் தொலைநோக்கியும் பழைய கேள்விக்குத் திரும்பியது. 1,056 இருமுனைகளின் சைகைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடாமல், நான்கு நான்காகப் பிரித்து, 264 தனி அலைவாங்கிகள் போலப் பதிவுசெய்து கணினியில் இணைக்கும் விரிபுலத் திட்டம் 2010களில் வகுக்கப்பட்டது. நோக்கம், அதே செம்பெயர்ச்சி 3.35இல், இம்முறை தனித்த முன்கூட்டங்களையன்றிக் கூட்டு ஏற்றத்தாழ்வை அளப்பது. மீளயனியாக்கத்துக்குத் தப்பி, திரள்களின் அடர்ந்த உட்பகுதிகளில் எஞ்சிய ஹைட்ரஜன் எவ்வளவு என்பதை அது சொல்லும். 1990இல் கேட்ட வினாவைத் திருத்திய வடிவில் அதே மலைச்சரிவில் மீண்டும் கேட்பது இது.

பண்பலை இரைச்சலுக்கு இன்று புவியில் முழுப் புகலிடம் கிடையாது. ஆளரவமற்ற ஆஸ்திரேலியப் பாலையிலும், நிலவின் முகத்தில் பட்டுத் திரும்பும் பண்பலை ஒலிபரப்பை அங்குள்ள தொலைநோக்கி பதிவுசெய்திருக்கிறது. இராமன் ஆய்வு நிறுவனம் முன்மொழிந்துள்ள ‘பிரத்யுஷ்’ என்னும் கருவி நிலவைச் சுற்றிவர வேண்டும் என்று கேட்பது இதனாலேயே. முத்தோரையில் நிலவு வானொலி மூலங்களை மறைத்து அளவெடுக்க உதவியது. பிரத்யுஷ் நிலவின் மறுபக்கத்தைக் கடக்கும் நேரத்தில் மறைக்கப்பட வேண்டியது, சென்னையின் பண்பலையையும் மீனம்பாக்கத்துக் கோபுரத்தின் பேச்சையும் உள்ளடக்கிய புவி முழுவதும்.